சிங்கப்பூர் மாதிரி ஆவது என்றால் என்ன? நவீனமயமாதல் பற்றி ஓர் எளிய விளக்கம்

"நம்ம ஊரையும் சிங்கப்பூர் மாதிரி ஆக்கிக் காட்டுவோம்" என்ற வாக்குறுதி தமிழ்நாட்டு மேடைகளிலும் இலங்கை மேடைகளிலும் எத்தனையோ தேர்தலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே சிங்கப்பூரின் தேக்காவில் தேநீரோடு உட்கார்ந்து அதே செய்தியைப் படிப்பவர்களோ, "அதெல்லாம் அங்கே நடக்காதுங்க, ஜனங்க அப்படி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வாக்குக் கொடுப்பவர், சிரிப்பவர் இருவர் மனத்திலும் இருக்கும் படம் ஒன்றுதான்: வானளாவிய கட்டடம், குண்டும் குழியும் இல்லாத சாலை, நேரத்துக்கு வரும் ரயில். பணம் இருந்தால் இதை வாங்கிவிடலாம் என்று முதலாமவர் நினைக்கிறார். பிறவியிலேயே வர வேண்டிய குணம் என்று இரண்டாமவர் நினைக்கிறார்.

இரண்டுமே சரியில்லை. வளரும் நாடுகள் எதை நோக்கிப் போகின்றன, ஏன் பாதி வழியில் சிக்கிக்கொள்கின்றன என்பதை, பொருளியல் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

## பெரிய கிரைண்டர் வாங்கிய தோசைக் கடை

உணவங்காடி நிலையத்தில் ஒரு சின்னத் தோசைக் கடை என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கல்லில் நிற்கிறார், தம்பி மாவு அரைக்கிறார், உதவிக்கு ஒரு பையன். ஒருநாள் அண்ணன் கடன் வாங்கிக் கோயம்புத்தூரிலிருந்து பெரிய கிரைண்டர் ஒன்றை வரவழைக்கிறார். முன்பைவிட ஐந்து மடங்கு மாவு. கடை நவீனமாகிவிட்டதா?

மறுநாளே கேள்விகள் வரிசை கட்டும். வாடிக்கையாளர் ஐந்து மடங்கு ஆகவில்லையே, மிஞ்சிய மாவு புளித்துப்போகிறது. தோசை விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் கடன் தவணை கட்ட வேண்டும். பையனுக்கு இனி என்ன வேலை? கிரைண்டர் பழுதானால் சரிசெய்ய யாருக்குத் தெரியும்? உதிரிப் பாகம் வரும்வரை கடையை மூடி வைப்பதா? இதுவரை அண்ணன் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தார். இப்போது அரிசி, உளுந்து, கடன், கூலி எல்லாவற்றுக்கும் ஏடு வேண்டியிருக்கிறது. ஏட்டைத் திறந்ததும், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே புதுப் பேச்சு தொடங்குகிறது.

கிரைண்டர் ஒரே நாளில் வந்து இறங்கிவிட்டது. அதற்கு ஏற்ற கடையாக மாற இன்னும் பல மாதம் பிடிக்கும்.

ஒரு நாட்டுக்கும் இதே கதைதான். பொருள் செய்யும் முறை, மக்கள் வாழும் முறை, அரசு இயங்கும் முறை மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மாறுவதையே நவீனமயமாதல் என்கிறோம். இயந்திரமும் கட்டடமும் அந்த மாற்றத்தில் எளிதாகக் கிடைக்கிற பகுதி. மற்றவை ஈடுகொடுத்து வராவிட்டால் அவையே சுமையாகிவிடும்.

## சரி, எதற்காக இவ்வளவு பாடு?

முதல் இலக்கு உற்பத்தித்திறன். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மதிப்புள்ள வேலையை முடிக்கிறார் என்பதே அது. உழைப்போடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. புதுக்கோட்டையில் கொத்து வேலை பார்த்தவர் இங்கே வந்தும் அதே வேலைதான் பார்க்கிறார். விமானத்தில் ஏறி இறங்கிய நான்கு மணி நேரத்தில் அவருடைய கை திறமை கூடிவிடவில்லை. அவரைச் சுற்றியிருப்பவைதான் வேறு: பாரந்தூக்கி, தடைபடாத மின்சாரம், நேரத்துக்கு வரும் கான்கிரீட் லாரி, வரைபடத்தைச் சரிபார்க்கும் பொறியாளர், ஒப்பந்தத்தை மீறினால் கேட்க ஒரு நீதிமன்றம். அதனால்தான் அவர் ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு இங்கே மதிப்பு அதிகம். (அந்த மதிப்பில் அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், கொஞ்சம் கசப்பான கட்டுரையாகவும் இருக்கும்.)

ஏழை நாடு ஏழையாக இருப்பது சோம்பலால் என்று சொல்பவர்கள், நடவு வயலில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

இரண்டாவது இலக்கு உடல்நலமும் கல்வியும். 1965ல் சிங்கப்பூரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 26 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை இரண்டை ஒட்டி இருக்கிறது. செல்வம் சேர்ந்த பிறகுதான் இது வரும் என்பதில்லை. இலங்கையும் கேரளமும் வருமானம் குறைவாக இருந்த காலத்திலேயே பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் செலவழித்து, தங்களைவிடப் பணக்கார இடங்களை ஆயுளிலும் எழுத்தறிவிலும் முந்தின. ஆனால் படித்த பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை போதவில்லை, விமானம் ஏறினார்கள். ஒன்று முன்னால் ஓட, இன்னொன்று பின்தங்குவது இப்படித்தான்.

மூன்றாவது இலக்கு கண்ணுக்கே தெரியாது. சட்டம், அலுவலகம், நீதிமன்றம், கணக்கு முறை போன்ற, ஆள் மாறினாலும் மாறாமல் இயங்கும் ஏற்பாடுகளை அமைப்புமுறைகள் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது "அங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்க வேண்டியிராத நிலைமை இருந்தால் அமைப்புமுறை வேலை செய்கிறது என்று பொருள்.

சுருக்கமாக: ஒரே உழைப்புக்குக் கூடுதல் பலன், நோயும் அறியாமையும் குறைந்த வாழ்க்கை, ஆளைப் பார்க்காமல் இயங்கும் அரசு. இம்மூன்றும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

## கழிவறையில் தண்ணீர் விட என்னென்ன வேண்டும்?

சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களில், பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் குறுகிய சந்துகள் ஓடும். இன்று அங்கே குப்பைத் தொட்டிகளும் அறைக் குளிரூட்டிகளின் பின்புறமும்தான் தெரியும். அப்படிப் பின்சந்துகள் இருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் கழிப்பறை வாளி. வீட்டின் பின்புறச் சிறு கதவைத் திறந்து, நிரம்பிய வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போவார்கள் துப்புரவு ஊழியர்கள். சிங்கப்பூரில் இந்த வாளிமுறை முழுதாக ஒழிந்தது 1987ல். முதல் எம்ஆர்டி ரயில் ஓடியதும் அதே ஆண்டுதான். சாங்கி விமான நிலையம் திறந்து அப்போது ஆறு ஆண்டு ஆகியிருந்தது. நவீன நாடு என்று உலகமே பாராட்டிய பிறகும் சில வீடுகளில் வாளி இருந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? பீங்கான் கழிவறை விலை உயர்ந்த பொருளே இல்லை. கடையில் வாங்கி வந்து மாட்டிவிடலாம். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமே.

முதலில் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். அதற்கு நீர்த்தேக்கங்கள் வேண்டும், அண்டை நாட்டு மாநிலமான ஜொகூரோடு 1961லும் 1962லும் செய்துகொண்ட தண்ணீர் ஒப்பந்தங்கள் வேண்டும். விட்ட தண்ணீர் போய்ச்சேரப் பூமிக்கடியில் சரியான சரிவோடு குழாய் வேண்டும், கடைசியில் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். நீர், மின்சாரம், சாலை, குழாய் போன்ற, எல்லாருக்கும் பொதுவான இந்த அடித்தளத்துக்குத்தான் உள்கட்டமைப்பு என்று பெயர்.

குழாய் போட நிலம் வேண்டும். கம்பத்தில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பில், அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் குழாய் இழுப்பது கட்டுப்படியாகாது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகளுக்கு இழுப்பது எளிது. 1960ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கியது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது அந்த வேலை மேலும் முடுக்கிவிடப்பட்டது. 1966ல் நில எடுப்புச் சட்டம் வந்தது. அரசு தனியார் நிலத்தைப் பொதுத் தேவைக்கு எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. கொடுத்த இழப்பீடு நெடுங்காலம் சந்தை விலைக்குக் கீழேதான் இருந்தது. முழுச் சந்தை விலை 2007ல்தான் சட்டத்துக்குள் வந்தது. இந்தப் பகுதியைச் சிங்கப்பூர் வெற்றிக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, வீடு கிடைத்தாயிற்று. இனி ஒவ்வொரு மாதமும் வாடகையோ தவணையோ, தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம். கம்பத்தில் கையில் காசில்லாத மாதத்தில் கொல்லையிலிருந்து கீரையும் கூண்டிலிருந்து முட்டையும் வரும். ஒன்பதாவது மாடியில் வராது. பன்றி வளர்த்தவருக்கும் காய்கறி போட்டவருக்கும் மாதச் சம்பள வேலை கட்டாயமாகிவிட்டது. அந்த வேலை எங்கிருந்து வரும்? ஜூரோங் சதுப்புநிலத்தை மேடாக்கி எழுப்பிய ஆலைகளிலிருந்து. அந்த ஆலைகள் தொடக்கத்தில் காலியாகக் கிடந்தபோது, அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் பெயரைச் சொல்லிக் "கோவின் முட்டாள்தனம்" என்று கேலி செய்தார்கள்.

ஆக, ஒரு கழிவறையில் தண்ணீர் விடுவதற்குப் பின்னால் அண்டை நாட்டு ஒப்பந்தம், நிலச் சட்டம், வீடமைப்பு, கட்டண வசூல், தொழிற்பேட்டை என்று அவ்வளவும் கோத்துக் கிடக்கின்றன. ஏதாவது ஒரு கண்ணி அறுந்தால் பீங்கான் அப்படியே இருக்கும், தண்ணீர் வராது. அப்படிக் கட்டிப் பூட்டிப் போட்ட கழிப்பறைகளை ஊர்ப்பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே விறகு அடுக்கியிருக்கும்.

## வயலிலிருந்து ஆலைக்கு

இனி உள்ளே ஓடும் இயக்கத்தைப் பார்ப்போம். கரீபியக் கடலிலுள்ள செயின்ட் லூசியா தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954ல் ஒரு விளக்கம் சொன்னார். ஏழை நாட்டு வயலில் மூன்று பேர் செய்யக்கூடிய வேலையை ஐந்து பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். மிச்ச இருவர் ஆலைக்குப் போனால் விளைச்சல் குறையாது, ஆலையில் புதிதாகப் பொருள் உண்டாகும். ஆலை முதலாளி லாபத்தைத் திரும்பவும் போட்டு இன்னோர் ஆலை கட்டினால் இன்னும் சிலருக்கு வேலை. வயலில் உபரியாக ஆள் தீரும்வரை இந்தச் சக்கரம் சுற்றும், அதன்பிறகு கூலி ஏறும். 1979ல் லூயிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்கரான வால்ட் ரோஸ்டோ 1960ல் இன்னும் துணிச்சலாக, எல்லா நாடுகளும் ஐந்து கட்டங்களில் வளரும் என்றார். மரபுச் சமூகத்தில் தொடங்கி, ஓடுதளத்திலிருந்து விமானம் எழும்புவதுபோல ஒரு கட்டத்தில் மேலெழும்பி, கடைசியில் எல்லாரும் தாராளமாக வாங்கி நுகரும் சமூகத்தில் போய் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிரிட்டன் எழும்பியபோது வானம் காலி. பின்னால் வருபவர்கள் எழும்பும்போது மேலே ஏற்கெனவே விமானங்கள் பறக்கின்றன, விதிகளையும் அவர்களே எழுதிவிட்டார்கள். அர்ஜென்டினாவின் ராவுல் பிரெபிஷ் போன்றவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். காப்பிக்கொட்டையும் செம்பும் விற்று இயந்திரம் வாங்கும் நாடு, ஆண்டு செல்லச் செல்ல அதே இயந்திரத்துக்கு மேலும் மேலும் மூட்டைகள் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் இறக்குமதி மாற்று: வெளியிலிருந்து வாங்குவதை உள்ளூரிலேயே செய்வது, உள்ளூர் ஆலை கால் ஊன்றும்வரை வெளிநாட்டுப் பொருளுக்கு வரி போட்டுத் தடுப்பது. இந்தியா நெடுங்காலம் அந்த வழியில் போனது. சிங்கப்பூரும் 1960களின் தொடக்கத்தில் அதைத்தான் நம்பியது. மலேசியாவோடு பொதுச் சந்தை வரும், சரக்கை அங்கே விற்கலாம் என்ற கணக்கு. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்ததும் கணக்குத் தப்பியது. இருபது லட்சம் பேர்கூட இல்லாத தீவில் யாருக்கு விற்பது? உலகத்துக்கே விற்போம், அதைச் செய்யத் தெரிந்த வெளிநாட்டு நிறுவனங்களையே இங்கே கூப்பிடுவோம் என்று திரும்பினார்கள். டச்சுப் பொருளியல் வல்லுநர் ஆல்பர்ட் வின்செமியஸ் 1960களிலிருந்து 1984 வரை இதற்கெல்லாம் ஆலோசகராக இருந்தார்.

வேறு வழியும் இருக்கவில்லை. பிரிட்டிஷ் படைத்தளங்கள் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தந்துகொண்டிருந்தன. 1968ல் பிரிட்டன் கிளம்பப்போவதாக அறிவித்தது, 1971ல் பெரும்பாலும் கிளம்பியும்விட்டது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பேரிடி. இங்கேயே வேறு வேலை தேடிக்கொண்டவர்களும் உண்டு, மூட்டை கட்டிக்கொண்டு இந்தியா திரும்பியவர்களும் உண்டு.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: ஆட்கள் குறைந்த பலன் தரும் வேலையிலிருந்து கூடுதல் பலன் தரும் வேலைக்கு நகர்வதுதான் இந்த இயக்கத்தின் மையம். அந்த வேலை உருவாகச் சந்தை வேண்டும், முதலீடு வேண்டும், லாபம் திரும்ப உள்ளேயே வர வேண்டும்.

## கானா கட்டிய அணை

மலாயா விடுதலை பெற்ற 1957லேயே ஆப்பிரிக்காவில் கானாவும் விடுதலை பெற்றது. கோக்கோ விற்ற பணம் கையிருப்பில் இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள், குவாமே இன்குருமா என்ற கவர்ச்சியான தலைவர் இருந்தார். அவருடைய கனவு வோல்ட்டா ஆற்றின் குறுக்கே ஓர் அணை. கானாவில் அலுமினியத்தின் மூலப்பொருளான பாக்சைட் கிடைக்கிறது. அணையில் மின்சாரம், மின்சாரத்தால் அலுமினியம், அலுமினியத்தால் ஆலைகள். காகிதத்தில் அழகான சங்கிலி.

அகோசொம்போ அணை 1965ல் கட்டி முடிந்தது. நல்ல அணை, இன்றும் மின்சாரம் தருகிறது. அதன் பின்னே தேங்கிய வோல்ட்டா ஏரி சுமார் 8,500 சதுர கிலோமீட்டர், பரப்பளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரி. பதினோரு சிங்கப்பூரை அதில் மூழ்கடிக்கலாம். ஏறக்குறைய 80,000 பேர் ஊரைவிட்டு எழுப்பப்பட்டார்கள். அவர்களுக்குப் புதுக் குடியிருப்புகள் கட்டினார்கள், ஆனால் உழுவதற்கு நிலம் பல இடங்களில் போதவில்லை, பலர் வெளியேறினார்கள். தேங்கிய நீரில் நத்தைகள் பெருகி, அவற்றால் பரவும் நத்தைக் காய்ச்சல் ஏரிக்கரை ஊர்களில் கூடியது.

அலுமினியம்? அமெரிக்க நிறுவனம் ஆலை வைத்தது. ஆனால் கானாவின் பாக்சைட்டைத் தோண்டிச் சுத்திகரிக்கும் நடு ஆலையை யாரும் கட்டவில்லை. சுத்திகரித்த அலுமினாவை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, அணையின் மலிவு மின்சாரத்தில் உருக்கி, அலுமினியமாகத் திரும்ப ஏற்றி அனுப்பினார்கள். அணை தந்த மின்சாரத்தில் பெரும்பகுதி அந்த ஒரே ஆலைக்குப் போனது. பேரம் பேசும்போது கானாவின் கை தாழ்ந்திருந்தது: அந்த வாடிக்கையாளர் உறுதியாகாமல் அணைக்குக் கடன் கிடைக்காது. 1966 தொடக்கத்தில் அணையை முறைப்படி திறந்துவைத்த இன்குருமா, அடுத்த மாதமே ராணுவப் புரட்சியில் பதவி இழந்தார்.

இதில் ஒரு வினோதம். மேலே சொன்ன ஆர்தர் லூயிஸ்தான் விடுதலை பெற்ற கானாவின் முதல் பொருளியல் ஆலோசகர். பெரிய காட்சித் திட்டங்களுக்குப் பணம் போவதைப் பற்றி இன்குருமாவோடு ஒத்துப்போகாமல் 1958 இறுதியிலேயே கிளம்பிவிட்டார்.

தோசைக் கடைக் கணக்கில் வைத்துப் பாருங்கள்: கிரைண்டர் அருமையாக ஓடுகிறது, மாவு முழுவதையும் ஒரே வாடிக்கையாளர் அடிமாட்டு விலைக்கு எடுத்துப்போகிறார், தவணை மட்டும் கடைக்காரர் தலையில். அணை கட்டியதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அணையைச் சுற்றிக் கோக்க வேண்டியவை கோக்கப்படவில்லை.

## இன்றைய முட்டுக்கட்டைகள்

கடன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இலங்கை கண்முன்னே இருக்கிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் கடனில் எழுந்தது. போதுமான கப்பல் வரவில்லை. 2017ல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது. அதற்கு அந்த ஒரு துறைமுகத்தை மட்டும் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது, ஆனால் பன்னாட்டுச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களே அதைவிடப் பெரிய சுமை. உள்ளூர்ப் பணத்தில் வருமானம் தரும் திட்டத்துக்கு டாலரில் கடன் வாங்கினால், நாணயம் சரியும்போது கடன் தானாகவே வீங்கும்.

வேலை இன்னும் கடினமான விஷயம். 1960களின் இறுதியில் இங்கே வந்த மின்னணு ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. பள்ளி முடித்த பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பாகங்களைப் பொருத்தினார்கள். இன்று அதே வேலையை இயந்திரக் கை செய்கிறது. பணக்கார நாடுகள் முழுதாகத் தொழில்மயமாகிய பிறகுதான் அங்கே ஆலை வேலை குறைந்தது. இப்போது பல வளரும் நாடுகளில் ஆலை வேலை உச்சத்துக்குப் போகும் முன்பே தேயத் தொடங்கிவிட்டது என்று டானி ரோட்ரிக் என்ற பொருளியல் அறிஞர் காட்டியிருக்கிறார். கிராமத்தை விட்டுக் கிளம்பியவர்கள் ஆலைக்குப் போகாமல் தள்ளுவண்டிக்கும் உணவு விநியோக மோட்டார்சைக்கிளுக்கும் போகிறார்கள். பதிவோ சேமநிதியோ விடுப்போ இல்லாத இந்த வேலைகளின் தொகுப்பை முறைசாராத் துறை என்பார்கள். லூயிஸ் சொன்ன சக்கரம் அங்கே பாதியில் நிற்கிறது.

கட்டங்களைத் தாண்டிக் குதிக்க முடியாதா? சில இடங்களில் முடியும். கென்யாவில் 2007ல் வந்த எம்-பெசா, வங்கிக் கணக்கே இல்லாதவர்களைக் கைப்பேசியில் பணம் அனுப்ப வைத்தது. தரைவழித் தொலைபேசி என்ற கட்டத்தையே பலர் பார்க்காமல் தாண்டிவிட்டார்கள். ஆனால் சாக்கடையைத் தாண்டிக் குதிக்க முடியாது. இங்கிருந்து பட்டுக்கோட்டைக்குக் கைப்பேசியில் நொடியில் பணம் போய்விடும், அதை வாங்கும் வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆகும். கம்பியில்லாமல் போகக்கூடியவை குதிக்கின்றன. மண்ணைத் தோண்ட வேண்டியவை மெதுவாகத்தான் நகரும்.

வெற்றியும் தன் பங்குக்குத் தொல்லை தரும். 1972ல் "இரண்டு போதும்" என்று சிங்கப்பூர் பிரசாரம் செய்தது. ஆனால் பெண்கள் படித்து, வேலைக்குப் போய், தாமதமாகத் திருமணம் செய்துகொண்டதால் பிறப்பு விகிதம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. 1987ல் கொள்கையைத் தலைகீழாக்கி, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். 2023ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 பிள்ளை.

மொழியும் இந்தக் கணக்கில் வரும். உலகச் சந்தைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். தமிழில் பாடம் சொல்லிக்கொடுத்த கடைசிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982ல் மூடப்பட்டது. தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கிறது, பள்ளியில் பாடமாக இருக்கிறது, ஆனால் அறிவியலையும் கணக்கையும் தமிழில் படித்த தலைமுறை அதோடு முடிந்தது. வேலை வாய்ப்புக் கணக்கில் இது லாபம். வேறு கணக்கு போடுபவர்களும் நம்மிடையே உண்டு, அவர்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

## அப்படியானால் சிங்கப்பூரை நகலெடுக்க முடியுமா?

முயன்று பார்த்திருக்கிறார்கள். 1994ல் சீனாவின் சூஜோ நகரில் சிங்கப்பூர் தன் தொழிற்பேட்டை முறையை அப்படியே கொண்டுபோய் வைத்தது: வரைபடம், விதிமுறை, அதிகாரிகளுக்குப் பயிற்சி எல்லாம். பெய்ஜிங்கில் கைகுலுக்கினார்கள். ஆனால் சூஜோ நகராட்சிக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு தொழிற்பேட்டை இருந்தது, அதுவும் அதே முதலீட்டாளர்களைக் கூப்பிட்டது. 2001ல் சிங்கப்பூர்த் தரப்பு 65 விழுக்காடாக இருந்த தன் பங்கை 35 ஆகக் குறைத்துக்கொண்டது. பெரும்பங்கு உள்ளூர்க்காரர் கைக்கு வந்ததும், அதில் அக்கறையும் அவர்களுக்கு வந்தது. பேட்டை செழித்துவிட்டது.

நமக்கு இன்னும் பக்கத்தில் அமராவதி. தெலங்கானா பிரிந்தபின் ஆந்திரத்துக்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. 2015ல் சிங்கப்பூர் பெருந்திட்ட வரைபடம் போட்டுக் கொடுத்தது. அரசு நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. உழவர்கள் 30,000 ஏக்கருக்கு மேல் ஒன்றுசேர்த்துக் கொடுத்தார்கள். பதிலாக, நகரம் எழுந்தபின் அதிலேயே மனை, அதுவரை பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்பது உடன்பாடு. கரும்பும் வாழையும் விளைந்த ஆற்றங்கரை மண் அது. நகரம் வரும் என்ற பேச்சை நம்பித்தான் கொடுத்தார்கள்.

2019ல் ஆட்சி மாறியது. ஒரு தலைநகர் வேண்டாம், மூன்று வேண்டும் என்றது புதிய அரசு. சிங்கப்பூர் நிறுவனங்களோடு இருந்த ஒப்பந்தம் அந்த நவம்பரிலேயே முடிவுக்கு வந்தது. பாதி எழும்பிய கட்டடங்கள் அப்படியே நின்றன. தொடக்கத்தில் கோ கெங் சுவீயின் காலி ஆலைகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆட்சிக்கு வந்து ஜூரோங்கை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் வித்தியாசம் புரியும். இங்கே ஒரே கட்சி தொடர்ந்து ஆண்டது. அதற்கான விலையையும் இந்த ஊர் கொடுத்தது. ஆட்சி மாறும் ஜனநாயகத்தில் அந்தத் தொடர்ச்சியை வேறு விதமாகத்தான் கட்ட வேண்டும், நீதிமன்றத்தாலும் ஒப்பந்தச் சட்டத்தாலும்.

அமராவதி உழவர்கள் அந்த வழியில்தான் போனார்கள். 2022 மார்ச்சில் ஆந்திர உயர் நீதிமன்றம், கொடுத்த வாக்கின்படி தலைநகரைக் கட்ட வேண்டும் என்று அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்ற கெடுவை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் நிறுத்திவைத்தது. 2024ல் ஆட்சி மறுபடியும் மாறிய பிறகு, முட்செடி மண்டிக் கிடந்த மனைகளைச் சுத்தம் செய்வதிலிருந்து வேலை மீண்டும் தொடங்கியது.